லோகநாயகியின் வலது கண்

பருத்திப்பட்டு லோகநாயகிக்கு இடது கண் எப்போதும் மூக்கைப் பார்த்தபடி இருக்கும். ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் பால்வாடியில் அவள்தான் ஆயா. மாறுகண் அதிர்ஷ்டம் என்பதால் சிறுமியாக இருந்தபோதே ஊரில் அவளுக்குத் தனி மரியாதை. நடவு என்றால் முதல் நாற்று அவள் கையால்தான். வயலெல்லாம் மனையான பிறகு, கடைக்கால் போட முதல் செங்கல்லையும் அவளையே எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். "ஊர்ல பாதி ஊடு என் கைராசிதான். எனுக்குத்தான் ஓலை ஊடு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

என் மகள் தாட்சாயிணிக்கும் அதே இடது கண், அதே சாய்வு. நான் சாத்தூர்க்காரன், தொழிற்சாலையில் ஃபிட்டர். அவள் பிறந்த மாதம்தான் எனக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அது போதாதா? எங்கள் வரிசையில் யாருக்கு நல்ல காரியம் என்றாலும் அவள் முகத்தில் விழிக்கக் காலையிலேயே வாசலில் வந்து நிற்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது. என் மனைவி வசந்தா மட்டும், "பிள்ளை தலையைச் சாய்ச்சே டிவி பாக்குது" என்று சொல்லிப் பார்த்தாள். பெண்புத்தி பின்புத்தி என்று அவள் வாயை அடைத்தேன். பழமொழி சொல்கிறவனுக்கு யோசிக்கிற வேலை மிச்சம்.

1991-இல், மகளுக்கு ஐந்து வயது முடிகிற சமயம், லோகநாயகி வீடு தேடி வந்தாள்.

"பால்ராஜ் சார், பாப்பாவுக்கு ஒரு கண்ணுதான் வேல செய்து. வலது கண்ண நான் பொத்துனா கைய தட்டி உடுது. எடது கண்ண பொத்துனா சும்மா கீது. ஆசுபத்திரிக்கு இட்டுகினு போ சார்."

எனக்குச் சுருக்கென்றது. "உனக்கும் அதே கண்ணுதானே? நீ என்ன கெட்டுப் போயிட்ட?"

அவள் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டாள். "வெரல் காட்டு சார்."

நான்கடி தூரத்தில் நின்று மூன்று விரலைக் காட்டினேன்.

"கை தெரியுது. வெரல் தெர்ல" என்றாள். "எனுக்கு நாப்பத்திரெண்டு வயசாவுது. ராசி ஊருக்கு சார். கண்ணு எனுக்கில்ல வேணும்."

அந்த வாரமே எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்.

"சோம்பேறிக் கண்ணுன்னு சொல்வாங்க, பாவம் அந்தக் கண்ணு மேல தப்பில்ல. ரெண்டு கண்ணும் ரெண்டு பக்கம் பார்த்தா மூளைக்கு ரெண்டு படம் வரும். குழப்பம் வேண்டாம்னு அது ஒண்ணை ஒதுக்கிடும். சில பிள்ளைங்களுக்கு ஒரு கண்ணுல மட்டும் பவர் அதிகமா இருந்தாலும் இப்படி ஆகும். அவங்களுக்கு மாறுகண்ணு இல்லாததால வீட்டுல யாருக்கும் தெரியாது. ஒதுக்கின கண்ணைப் பழக்கணும். ஏழெட்டு வயசுக்குள்ள பழக்கினா நல்லா திரும்பும். அதுக்கப்புறம் கஷ்டம்."

கண்ணாடி எழுதிக் கொடுத்தார். தினமும் நாலு மணி நேரம் நல்ல கண்ணைப் பிளாஸ்திரி ஒட்டி மூடச் சொன்னார்.

மகள் அழுதாள், சுவரில் இடித்துக்கொண்டாள். எனக்கு வேறொரு வருத்தமும் இருந்தது. வலது கண்ணை மூடியதும் இடது கண் நேராகிவிட்டது, மாறுகண்ணைக் காணோம். பதவி உயர்வுக்குத் தொழில் தேர்வு இருந்த காலையில், பிளாஸ்திரியை உரித்து, கண்ணாடியைக் கழற்றி, அந்தச் சாய்ந்த கண்ணில் விழித்துவிட்டுப் போனேன். தேர்வில் தோற்றேன். அதற்குப் பிறகாவது புத்தி வந்ததா? வசந்தா ஒட்டுவாள். அவள் அடுப்படிக்குப் போனதும் பிள்ளை என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கும். நான் உரித்துவிடுவேன். அப்படியே ஆறு வாரம் போயிற்று.

விஷயம் தெரிந்தால் லோகநாயகி என்னைக் கிழித்துவிடுவாள் என்று பயந்தேன். வசந்தாவே அவளிடம் சொல்லிவிட்டாள். மாலையில் முறமும் ரேஷன் அரிசியுமாக வந்து எங்கள் வராந்தாவில் உட்கார்ந்தாள். ஒரு பிளாஸ்திரியை எடுத்துத் தன் வலது கண்ணில் ஒட்டிக்கொண்டாள்.

"பாப்பா, நீயும் ஒட்டிக்கினு வா. ஒத்தக் கண்ணால கல்லு பொறுக்கலாம். யாரு ஜெயிக்கிறாங்கன்னு பாக்கலாம்."

ஆட்டம் என்றதும் மகள் தானே முகத்தை நீட்டினாள். முதல் சில வாரங்கள் இரண்டு பேரும் முறத்தில் தடவிக்கொண்டே இருந்தார்கள். அந்த அரிசியை வசந்தா ராத்திரி மறுபடி பொறுக்குவாள். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி, பருத்திப்பட்டுப் பாதை சேறாகிக் கிடந்த நாட்களிலும் லோகநாயகி வந்தாள்.

தை மாதத்தில் ஒரு மாலை. லோகநாயகியின் விரல் முறத்தில் ஒரு மணியைத் தடவிக்கொண்டிருந்தது.

"ஆயா, அது அரிசி. கல்லு இங்க கீது" என்று மகள் அவள் விரலைப் பிடித்து நகர்த்தினாள்.

லோகநாயகி முறத்தின் மேல் நன்றாகக் குனிந்தாள். "எங்க கண்ணு? எனுக்குத் தெர்லியே."

"இதோ. கறுப்பா, குட்டியா." அந்தக் கல்லை எடுத்து ஆயாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

லோகநாயகி கையை மூடிக்கொண்டாள்.

"இனிமே நீயே பொறுக்கு கண்ணு. நான் சும்மா குந்திக்கினு கீறேன்."

நான் வாசற்படியில் நின்று அழுதேன். மகள் ஜெயித்ததற்காக மட்டும் அழவில்லை. அந்த ஆட்டத்தில் தன்னால் ஒருநாளும் ஜெயிக்க முடியாது என்று தெரிந்தே, லோகநாயகி தினமும் வந்து தோற்றுவிட்டுப் போயிருக்கிறாள்.