இடது கண்ணில் கொஞ்சம் பவர்

"கடைசி வரியைப் படிங்க. தெரியலையா? விடுங்க, நம்ம பதினொண்ணுக்கும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே, வந்தவரின் மூக்கின் மேல் இருக்கும் சோதனைச் சட்டத்தில் லென்ஸை மாற்றுகிறார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பதினொன்று யாரென்று தெரியாமல் விழிப்பவர்கள் கடையை விட்டு வெளியேறக் கூடுதலாகக் கால் மணி நேரம் ஆகும்.

பதினொன்று என்பது ஊர்க் கால்பந்து அணியின் முன்கள ஆட்டக்காரன் போட்டிருக்கும் எண். ஆறு வருடமாக ஆடுகிறான். அடித்த கோல்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஊரே கரித்துக் கொட்டும்போது இவர் மட்டும் அவன் கட்சி. "காலு ரெண்டும் தங்கம்யா. இடது கண்ணுலதான் கொஞ்சம் பவர் இருக்கு. கோல் கம்பம் அவனுக்கு ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்பார். மைதானத்துத் தோழர்கள் இதற்காகவே 'டாக்டர்' என்று பட்டம் கொடுத்தார்கள். கேலிதான். அவர் அதை மரியாதையாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்.

வாதம் முற்றினால் எதிராளியின் கண்ணாடியைக் கழற்றி வாங்கித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். எதிராளி பார்வையில்லாமல் தடுமாறும் அந்த அரை நிமிடத்தில் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லி முடித்துவிடுவார்.

பிள்ளைகள் இல்லை. "எங்க வீட்டுக்காரருக்கு ஒரே புள்ளதான். அது பந்தைத் தூக்கி வெளியில அடிக்குது" என்பார் பில் மேசையிலிருந்து அவர் மனைவி.

சென்ற மாதம் ஒரு மதியம் அந்தப் பிள்ளையே கடைக்குள் வந்தான். அவன் அம்மாவின் கண்ணாடி உடைந்திருந்தது. கடைக்காரர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "உக்காருங்க தம்பி" என்று சோதனை நாற்காலியில் அமர்த்தி, வலது கண்ணை மூடச் சொன்னார்.

அவன் கடைசி வரியைப் படித்தான். அதற்கும் கீழே எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்த அச்சகத்தின் முகவரியையும் படித்தான்.

"எப்படிண்ணே இருக்கு?"

"பழுதே இல்ல தம்பி. நல்ல கண்ணு." சொல்லிவிட்டு அவர் லென்ஸ் பெட்டியை மூடினார்.

அவன் சிரித்தான், சிரிப்பு முகத்தில் ஒட்டவில்லை. "நீங்க சொல்றது என் காதுக்கும் வந்துச்சுண்ணே. ஒருவேளை அப்படித்தானோன்னு நானும் நம்பிட்டேன்."

அவன் போனதும் மனைவி கேட்டார்: "ஏதோ கொஞ்சம் பவர் இருக்குன்னு சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா? புள்ள சந்தோஷமாப் போயிருக்கும்."

"கண்ணு விஷயத்துல எனக்குப் பொய் வராதே" என்றார்.

அடுத்த ஞாயிறு ஆட்டத்தில் பந்து பதினொன்றின் காலுக்கு வாகாக வந்தது. எதிரே கோல்காப்பாளன்கூட இல்லை. பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. கூட்டம் ஊளையிட்டது.

"என்ன டாக்டரே, டெஸ்ட் பண்ணிட்டியாமே. எவ்வளவு பவர்?" என்று பின்வரிசைக்காரர் முதுகில் தட்டினார்.

"பவரே இல்ல. கண்ணு சுத்தம்."

"அப்புறம் ஏன்யா அடிக்க மாட்டேங்கிறான்?"

"தெரியலப்பா."

கீழே பதினொன்று இடுப்பில் கைவைத்து, கூட்டத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றான். அத்தனை தூரத்திலிருந்தும் அவனால் ஒரு முகத்தை அடையாளம் காண முடியும் என்பது அங்கே ஒருவருக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். அவர் உட்கார்ந்திருந்த பலகையின் மேல் ஏறி நின்று, கையைத் தலைக்கு மேல் உயர்த்தி ஆட்டினார்.