உப்புக்குள் விழுந்த இடது காது

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் என் கழுத்தைப் பார்த்து இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். காரணத்தை எழுதியே விடுகிறேன். வாயால் சொன்னால் பாதியில் போனை வைத்துவிடுவீர்கள்.

பழைய போன் பாத்தித் தண்ணீரில் விழுந்து செத்ததும், பெரியவளே, நீ கோயம்புத்தூரிலிருந்து புதுப் போன் அனுப்பினாய். என் ஹெட்செட் வயரைக் கையில் வைத்துக்கொண்டு போனை நாலு பக்கமும் திருப்பினேன். செருக ஓட்டையே இல்லை. மறந்துவிட்டார்கள் போல என்று கடைக்குக் கொண்டுபோனேன்.

“இப்பம் ஓட்டை வாரதில்ல, அண்ணாச்சி.”

“அப்பம் வெலையக் கொறைக்கணும்லா?”

“ஓட்டை இல்லாததுக்குத்தான் வெல கூட.”

நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். இது ஒன்பதாவதில் வருகிற கணக்காக இருக்கும்.

அப்புறம் நீ வயரில்லாத இயர்பட்ஸ் அனுப்பினாய். “வெள்ளைதான் எடுப்பா இருக்கும்ப்பா” என்றாய். எடுப்பாக இருப்பதற்குச் சுற்றி வேறு நிறம் வேண்டும், மகளே. உன் அப்பா உப்பளத்தில் கங்காணி.

நடந்தது இதுதான். லோடு ஏற்ற லாரி வந்து நின்றது. வியர்வை துடைக்கத் தலைத்துண்டை உருவினேன். இடது காதில் இருந்தது தெறித்து, ஆள் உயர உப்புக் குவியலில் விழுந்தது. விழுந்த இடத்தைப் பார்த்தேன். எல்லா இடமும் அதே மாதிரிதான் இருந்தது.

சாப்பாட்டு உப்பு அது. ஒரு முடி கிடந்தாலே லோடைத் திருப்பிவிடுவார்கள். காது கிடந்தால் என்னையும் சேர்த்துத் திருப்புவார்கள். “நிறுத்துங்க, ஒரு கூடையும் ஏத்தப்பிடாது!” என்று கத்தினேன்.

உப்பு அள்ளுகிற அக்கா கூடையை இறக்கிவைத்தாள். “உப்பளத்துக்காரருக்கு உப்பு நெறத்துலயா வாங்கித் தருவாவ? நல்ல பிள்ள வளத்தீய அண்ணாச்சி!”

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். “ஏல, சத்தம் போடாத! கேக்கணும்” என்றேன். வலது காதைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, போனில் ஓடிக்கொண்டிருந்ததன் சத்தத்தை முழுசாகக் கூட்டினேன். லோடு ஏற்ற வந்த ஆறு பேரும் குனிந்து உப்பில் காதை வைத்தார்கள். லாரிக்காரர் இறங்கி வந்து, என்ன ஏது என்று கேட்காமல், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

நான் வானிலைச் செய்தி கேட்கிறேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். கேட்டது நீ வாட்ஸ்அப்பில் அனுப்புகிற குரலைத்தான். அதுவும் ஒன்றையே பத்து தடவை. இப்போது அது உப்புக்குள்ளிருந்து கொசு மாதிரி வந்தது:

“அப்பா, அந்தப் பழைய வயரத் தூக்கிப் போட்டீயளா, இல்லியா?”

அக்கா அந்த இடத்தில் கையை விட்டு அதை எடுத்துவிட்டாள். உடனே தரவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “மக கேக்குதுல்லா? பதில் சொல்லுங்க” என்றாள். அன்றைக்கு எல்லாருமாகச் சிரித்ததில், நான் சொல்லவில்லை.

இப்போது சொல்கிறேன். தூக்கிப் போடவில்லை. அதில் ஒரு முழம் வெட்டி, இரண்டு காதையும் இரண்டு முனையில் கட்டி, கழுத்தில் மாட்டியிருக்கிறேன். நீங்கள் பார்த்துச் சிரித்தது அதைத்தான்.