கொப்பரை ஏற்றிய மோட்டார்

என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, சென்னையில் மோட்டார் பட்டறையில் நான்கு வருஷம் வேலை பார்த்தவன். அவன்தான் அந்த வண்டியை வாங்கியே ஆகவேண்டும் என்று நின்றான். நாங்கள் காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவர்கள். வீட்டிலேயே சாயமும் போட்டோம். நூல் வரவும் புடவை போகவும் மாட்டு வண்டி போதும் என்பது என் எண்ணம். மோட்டார் வக்கீலும் டாக்டரும் வைத்துக்கொள்வது, நம் வாசலில் நின்றால் தெரு சிரிக்கும் என்றாள் என் மனைவி.

வண்டி காரும் இல்லை, லாரியும் இல்லை. முன்னால் இரண்டு பேர் நெருக்கி உட்கார இடம், மேலே கித்தான் கூரை. பின்னால் திறந்த மரத்தொட்டி. தொட்டியின் பின்பலகையைச் சங்கிலியில் இறக்கிவிடலாம், பக்கப் பலகைகளைக் கழற்றிவிடலாம். சக்கரங்கள் உயரமாக இருந்ததால் மேடுபள்ளத்தில் அடி தட்டாது. பழைய வண்டிதான். முன்னால் இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்றினால்தான் கிளம்பும்.

“கார்ல ஆளுங்க மட்டும்தான் ஏறுவாங்க மாமா. லாரி நம்ம சந்துல திரும்பாது. இது நம்மள மாதிரி ஆளுங்களுக்குன்னே பண்ணது” என்றான் மச்சான்.

அவன் சொன்னது வீண்போகவில்லை. ஒரே நாளில் காலையில் பட்டு மூட்டையை ரயிலடியில் இறக்கிவிட்டு, பக்கப் பலகைகளைக் கழற்றி ஒரு தறியின் மரச்சட்டங்களை முழுசாக ஏற்றி வந்தோம். கருட சேவையன்று பின்தொட்டியில் பாய் விரித்துத் தெருப் பெண்களைச் சின்ன காஞ்சிபுரத்துக்கு அழைத்துப் போனோம். என் மனைவி மட்டும் நடந்தே வந்தாள்.

அடுத்த பங்குனியில், உச்சிவெயில் நேரத்தில், எங்களுக்கு நெல் கொடுக்கும் நயினார் மிதிவண்டியில் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். திருப்பருத்திக்குன்றத்தில் அவர் தெருவில் கூரை வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. வயல் கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்து மாளவில்லை என்றார்.

அப்போது என் மனைவி இரண்டு செப்புக் கொப்பரைகளில் அரக்குச் சாயம் காய்ச்சிக்கொண்டிருந்தாள். ஒரு கல்யாணப் புடவைக்கான பட்டு அதில் பாதிச் சாயம் ஏறிக் கிடந்தது. அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு கோலால் பட்டை எடுத்துக் கல்லின் மேல் போட்டாள்.

“சாயம் திரும்பப் போட்டுக்கலாம். கொப்பரைய ஏத்துடா” என்றாள் தம்பியிடம்.

தெருச் சாக்கடை சிவப்பாக ஓடியது. கொப்பரைகளோடு அவளும் பின்னால் ஏறிக்கொண்டாள்.

நாங்கள் போனபோது ஏழு வீட்டு வரிசையில் மூன்று எரிந்துகொண்டிருந்தன. காற்று நான்காவது வீட்டுப் பக்கம் வீசியது. மச்சான் வண்டியை வரப்போரமாகவே ஓட்டி, மாடுகள் கயிறிழுத்துக் கவலையில் தண்ணீர் இறைக்கும் கிணற்றடிக்குப் பின்பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தினான். வாய்க்காலில் விழுந்த தண்ணீரை ஆட்கள் குடங்களில் மொண்டு கொப்பரையில் ஊற்றினார்கள். சிந்தாமலிருக்க ஈரச் சாக்கைப் போட்டு மூடி, ஆளுக்கொன்றாக நானும் மனைவியும் கட்டிப் பிடித்துக்கொண்டோம். தெருவுக்கு வந்ததும் பின்பலகையை இறக்கி அதன் மேலேயே நின்று வீசினேன். தரையில் நின்றவர்களுக்கு எட்டாத கூரை முகடு எனக்கு எட்டியது.

முதல் நடையிலேயே, பிரசவமாகி மூன்று வாரமே ஆன ஒரு பெண்ணை வெயிலுக்காக முன் இருக்கையில் உட்கார வைத்தார்கள். எரிகிற வீடுகளில் ஒன்று அவளுடையது. அவளை இறக்கிவிட யாருக்கும் நேரமில்லை. கிணற்றுக்கும் தெருவுக்குமாக எல்லா நடையும் அவள் எங்களோடே வந்தாள். அந்தக் குலுக்கலிலும் கைக்குழந்தை கண் விழிக்கவில்லை.

எத்தனை நடை போனோம் என்று நினைவில்லை. நான்கு வீடுகள் தப்பின. உயிர்ச்சேதம் இல்லை. கம்பி சுற்றிச் சுற்றி மச்சானின் மணிக்கட்டு வீங்கிவிட்டது. அதைப் பொருட்படுத்தாமல் மறுநாளே மூங்கிலும் கீற்றும் ஏற்றிக்கொண்டு அதே தெருவுக்குப் போனான். கீற்றுக்கட்டின் மேல் என் மனைவி உட்கார்ந்திருந்தாள், இரண்டு நாளைக்குச் சோறு ஆக்கிப் போட.

புடவைக்குச் சொல்லியிருந்த வியாபாரியிடம் நான் பயந்துகொண்டுதான் போனேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். திட்டுப்பட்ட பட்டையும் காட்டினேன். அவர் அதை விரலால் பிரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்குதுபா. நிதானமா போடு” என்றார் கடைசியில்.

அந்த ஒரு வார்த்தைக்காக இன்றுவரை அவரை மனதால் கும்பிடுகிறேன்.

கீற்று வேய்ந்து முடிந்த அன்று சாயங்காலம் மச்சான் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன். சொல்வதற்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

“நான் வேணாம்னு எவ்ளோ சொன்னேன். நீ கேக்காம இருந்ததே நல்லதா போச்சுபா.”

அவன் கையிலிருந்த துணியை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை என்னிடம் நீட்டினான். நான் மறுபக்கம் போய் சக்கரத்தின் மட்காப்பில் ஒட்டியிருந்த வயல் சேற்றைத் துடைக்க ஆரம்பித்தேன்.