விளக்கு வைத்த வெள்ளிக்கிழமை

அப்பாவின் இன்ஜினீயர் பட்டம் ஆக்லாந்தில் செல்லாது என்றார்கள். அவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்க இறங்கிவிட்டார். கூட வேலைக்கு யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர். எனக்கு எட்டு வயது. பள்ளி விட்டதும் பிரஷ் கழுவ நானும் போவேன். நான் இல்லாமல் வேலை நடக்காது என்பது என் நினைப்பு.

அந்த வெள்ளிக்கிழமை பிரஷ் கழுவும்போது அண்ணா சொன்னார்: "அம்மா கொழும்புக்கு வந்து நிக்கிறா, பிள்ளை. அங்க மத்தியானம், இங்க ஆறு ஆறரை ஆனா ஊருக்கு வெளிக்கிட்டிடுவா. காசு கிடைச்ச உடன தெருமுனை டெய்ரிக் கடையில போன் கார்டு வாங்கிக் கதைக்கோணும். குரல் கேட்டு ரெண்டு வருசம்."

வீட்டுக்காரர் ஒரு யூதப் பெரியவர். குளிர்காலம், ஐந்து மணிக்கே இருட்டிக்கொண்டு வரும். மனிதர் கடிகாரத்தைப் பார்த்தபடியே ஓடிவந்து அப்பா கையில் நோட்டுகளைத் திணித்தார். செய்த வேலைக்கு அன்றன்றே கூலி கொடுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் வேதத்துச் சட்டமாம். பொழுது சாய்ந்தால் ஓய்வுநாள் பிறந்துவிடும். பிறகு காசைத் தொடமாட்டாராம்.

"என்ன மனுஷன்! வாய்விட்டுக் கேக்கக்கூட விடலையே!" ஏவன்டேலில் எங்கள் வீடு வந்து சேரும்வரை அப்பாவுக்கு இதே பேச்சு. பின்சீட்டில் அண்ணா ஓம், ஓம் என்றார். காசு அப்பாவின் சட்டைப்பையில். எந்த வரும்படியும் சாமி படத்தின் முன் வைத்து எடுத்த பிறகுதான் எங்கள் வீட்டில் பிரிப்பது வழக்கம்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவது என் பொறுப்பு. காசு வைக்கும்போது விளக்கு எரிந்தால் அழகாக இருக்குமே என்று முந்தி ஓடி ஏற்றிவிட்டேன்.

அப்பா நோட்டைப் பிரிக்கப் போனபோது அம்மா தடுத்தாள். "விளக்கு வச்சாச்சுங்க. வெள்ளிக்கிழமையும் அதுவுமா லட்சுமிய வெளிய அனுப்புவாங்களா? தம்பி, காலையில வந்து வாங்கிக்கப்பா. இரு, காபி தரேன்."

அப்பா தரையைப் பார்த்தார். அண்ணா என்னைப் பார்த்தார். அவர் அம்மாவோடு பேசக் காத்திருப்பது எனக்குத் தெரியும், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விளக்கைத்தான் மெச்சுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

"ஓம் அக்கா, பிரச்சினை இல்ல." காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

காலையில் வந்து காசை எண்ணாமல் மடித்து வைத்துக்கொண்டார்.

"அம்மாகிட்ட பேசினீங்களா, அண்ணா?"

"அவ வெளிக்கிட்டிட்டா, பிள்ளை."

அவர் ஊரில் போன் கிடையாது. அங்கே போர் நடந்துகொண்டிருந்தது. எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்?

"அடுத்த வெள்ளிக்கிழமை பேசுங்கண்ணா. நான் விளக்கை லேட்டா ஏத்துறேன்" என்றேன்.