கசந்த கஸ்டட்

சாச்சி மௌத்தான அண்டைக்கு பள்ளிவாசல் ஸ்பீக்கர்ல மரண அறிவித்தல் குடுத்து அவட பேரச் சொன்னாங்க. ஒருத்தருக்கும் ஆரெண்டு விளங்கல்ல. மறுகா "கசந்த கஸ்டட் எண்டு சொல்றவங்க" எண்டு சேத்துச் சொன்னாங்க. ஊரே விளங்கி எங்கட ஊட்டுக்கு வந்திச்சி. எங்கட பக்கம் அப்பிடித்தான். பட்டப்பேர் ஒண்டு விழுந்திட்டா ஜனாஸா எடுக்கிற வரைக்கும் கூட வரும். சில குடும்பத்துல புள்ளைகளுக்கும் போகும்.

அந்தப் பேர் என்னாலதான் வந்திச்சி.

சாச்சி எண்டா உம்மாட தங்கச்சி. எனக்கு அப்ப ஏழு, எட்டு வயசிரிக்கும். அவ சவூதில ஒரு ஊட்டுல ரெண்டு வரிசம் சமச்சிட்டு வந்து எங்களோட இருந்தா. கொண்டு வந்ததுல ஒரு டின் கஸ்டட் மா மிச்சம் இருந்திச்சி. அதப் பால்ல காச்சி, ஒரு அடுக்கு பிஸ்கட், ஒரு அடுக்கு கஸ்டட், ஒரு அடுக்கு பழம் எண்டு கண்ணாடிக் கோப்பைல அடுக்குவா. எங்களுக்கிட்ட பிரிஜ் இல்ல. பேசின்ல கிணத்துத் தண்ணி ஊத்தி, அதுக்குள்ள கோப்பைய வெச்சி இறுக விடுவா.

அடுத்த தெரு மாமிட மகளுக்கு கலியாணம் வந்திச்சி. ஆறு பேர் சுத்தி இருந்து திங்கிற ஒவ்வொரு சஹன் தட்டுக்கும் இந்தப் புடிங்க வைக்கலாமா எண்டு ருசி பாக்க வாறன் எண்டு மாமி சொல்லியனுப்பினா. அது சரிவந்தா மத்தக் கலியாண ஊடுகளும் கூப்பிடும், சாச்சி ஊரிலயே பொழச்சிக்கலாம். இல்லாட்டி திரும்பப் பிளேன் ஏறணும்.

"எனக்கு இனி அங்க ஏலா ராத்தா" எண்டு உம்மாக்கிட்ட சொல்லி அழுதத நான் கேட்டன்.

கேட்டும் என்ன செஞ்சன்? மாமி வாற அண்டைக்கு சாச்சி அன்னாசிய சீனி போட்டு அவிச்சி, ஆற வெச்சிட்டு ளுஹர் தொழப் போனா. ஒரு துண்டு எடுத்தன். மறுகா இன்னொண்டு. பாத்தா அடில சீனிப் பாணி மட்டும் கிடக்கு. பயந்து போய், மிச்சமிருந்த பச்ச அன்னாசியக் கெதியா வெட்டி அந்தப் பாணிக்குள்ள போட்டுட்டன். அன்னாசி எண்டா அன்னாசிதானே எண்டு நினச்சன். பச்ச அன்னாசி பட்டா பால் கசக்கும், தண்ணி விடும் எண்டு எனக்கென்ன தெரியும்? சாச்சியும் அவசரத்துல பாக்காம அடுக்கிட்டா.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் புறகு மாமி ரெண்டு பொண்டுகளோட வந்தா. ஊர்ல பாதிப் பேருக்குப் பட்டப்பேர் வெச்சது அந்த மாமிதான். ஒரு கரண்டி வாய்ல வெச்சா. மொகம் சுருங்கிச்சி.

"என்ன புள்ள இது? பேதி மருந்தக் கரச்சி ஊத்தினயா?"

சாச்சி ஒரு அன்னாசித் துண்டக் கடிச்சிப் பாத்தா. கதவுக்குப் பின்னால நிண்ட என்னத் திரும்பிப் பாத்தா.

உம்மா சொன்னா, "அவிச்ச அன்னாசிதானே, நான் கண்டனே. ஆரு மாத்தின?"

"ஊட்டுக்குள்ள அன்னாசிக் கள்ளி ஆரும் இரிக்கா போல" எண்டு மாமி என்னப் பாத்துச் சிரிச்சா. கள்ளி எண்ட பட்டப்பேர் என்ட தலைக்கு மேல வந்து நிண்டிச்சி.

"இல்ல மாமி" எண்டா சாச்சி. "நான்தான் பச்சையாப் போட்டுப் பாத்தன். பிழையாப் போயிட்டு."

"அரபிக்கும் இதத்தான் குடுத்தியா? அதான் அனுப்பிட்டானாக்கும்! கசந்த கஸ்டட்!"

பொண்டுகள் ரெண்டும் உழுந்து உழுந்து சிரிச்சிதுகள். சாச்சியும் சிரிச்சா. மாமி சஹனுக்கு எப்பவும் வைக்கிற வட்டிலப்பமே போதும் எண்டுட்டுப் போயிட்டா. டின்ல மாவும் இல்ல, இன்னொருக்கா செஞ்சி காட்ட.

சாச்சி எனக்கு அடிக்கவுமில்ல, உம்மாக்குச் சொல்லவுமில்ல. பச்ச அன்னாசியும் திண்டு புண்ணாகியிருந்த என்ட வாய்க்குத் தேங்காப்பால் தந்து கொப்புளிக்கச் சொன்னா. அவ்வளவுதான். எனக்கு இந்த ஊர்ல ஒரு பட்டப்பேரும் இல்ல. மாப்பிள பேசி வந்தவங்களும் என்ட சொந்தப் பேரக் கேட்டுத்தான் வந்தாங்க. அல்லாஹ் அவவுக்கு சுவர்க்கத்தக் குடுக்கணும்.

ரெண்டு மாசத்துக்குப் புறகு சாச்சி திரும்ப சவூதிக்குப் போகப் பெட்டி கட்டினா. நான் பக்கத்துல இருந்து உடுப்பெல்லாம் மடிச்சிக் குடுத்தன். எனக்குச் சரியான சந்தோசம். கண்ண மூடித் தொறக்கிற பொம்ம ஒண்டு கொண்டு வாங்க சாச்சி எண்டு கேட்டன்.

"ஓம் மகள்" எண்டா.

பஸ் மறையிற வரைக்கும் கை காட்டிக்கொண்டே நிண்டன். உம்மா ஏன் அழுறா எண்டு எனக்கு விளங்கல்ல.