ஸ்டீபன் ரூம்

"ரூமுக்கு முன்னாடி சேர்ற வார்த்தை அஞ்சு வேணும், மம்மி" என்றாள் மகள். வீட்டுப்பாடம். பெட், பாத், கிளாஸ், ஸ்டோர் என்று எழுதிவிட்டுப் பென்சிலைக் கடித்தாள். ஐந்தாவது எனக்கு உடனே வந்துவிட்டது.

மைசூரில் முன்பு நாங்கள் இருந்த வாடகை வீட்டில் பின்னறை என் அண்ணன் ஸ்டீபனுடையது. தேங்காய் எண்ணெயும் வியர்வை காய்ந்த ஷட்டில் பேட் உறையும் மணக்கும். "தட்டிட்டு வாம்மா, எத்தனை சல சொல்றது!" என்று கன்னடம் கலந்த தமிழில் அம்மாவிடம் எரிந்து விழுவான்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் குளிக்க இறங்கியவனைக் காவிரி கொண்டுபோன பிறகு, அம்மா அதை ஸ்டீபன் ரூம் என்று சொல்லவே இல்லை. "ரூம்ல லைட் போடு" என்பாள். வெறும் ரூம்.

ஆனால் கதவைத் தட்டாமல் அவள் உள்ளே போனதில்லை. மடித்த துணிகளோடு நின்று தட்டுவாள். தலையைச் சாய்த்துக் காத்திருப்பாள். பிறகுதான் திறப்பாள். அந்தக் கொஞ்ச நேரம் அப்பாவும் நானும்கூடக் காது கொடுத்துக்கொண்டிருப்போம்.

மகளிடம் "ஸ்டீபன்" என்று மட்டும் சொன்னேன். எழுதினாள். பிறகு யோசித்து, "பேரெல்லாம் எழுதினா மிஸ் தப்பு போட்டுடுவாங்க" என்று அழித்தாள். ரப்பர் துகளை ஊதிவிட்டுக் கேட்டாள்:

"யாரு மம்மி, ஸ்டீபன்?"