பிரபாலினி திறந்துவிட்ட வழி

ஜெர்மனியின் பான் நகரில், ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில், ஒரு பல்வைத்தியரின் மேல்மாடியில் இருந்தது பிரபாலினி வேலை பார்த்த நிறுவனம். நோயாளிகளை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்லும் வாகனக்காரர்களுக்கு அவர்கள் மென்பொருள் செய்து கொடுத்தார்கள். எந்தச் சாரதி எப்போது எந்த வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்பதை அந்த மென்பொருள்தான் சொல்லும். அங்கிருந்த சர்வர்கள் எல்லாம் பிரபாலினியின் பொறுப்பு.

சுன்னாகத்தில் பிறந்து, பள்ளிக்கூடம் தொடங்கும் வயதில் தாயோடு ஜெர்மனிக்கு வந்தவள். கணினித் துறையில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்து நேராக வேலைக்குப் போனாள். கணவன் கீர்த்தனன் நகரப் பேருந்து ஓட்டினான். அலுவலகத்தில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது: 'இல்லை' என்று சொல்லத் தெரிந்தவள். சர்வரில் யாராவது அவசரத்துக்கு எதையாவது கேட்டால் முதலில் ஏன் என்று கேட்பாள். பலருக்கு அது எரிச்சல். முதலாளி வீலாண்டுக்கு மட்டும் அது பிடிக்கும்.

ஸ்ரீநிதி ஈரோட்டிலிருந்து வந்து நிரலாளர் குழுவுக்குத் தலைவியாகச் சேர்ந்தபோது, அந்த மாடியில் தமிழ் பேச இன்னொருத்தி கிடைத்தாள். பானில் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. பிரபாலினி அவளோடு வீடு வீடாக ஏறி இறங்கி, வீட்டுக்காரர்களிடம் பேசி, கடைசியில் ஒரு வீட்டைப் பிடித்துக் கொடுத்தாள். ஸ்ரீநிதியின் மகளுக்குப் பாலர் பள்ளியில் இடம் வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு குடும்பமும் ஒன்றாகச் சாப்பிட்டன. "நீ என்னை 'நீர்'னு கூப்பிடறது ராஜா காலம் மாதிரி இருக்கு, பிரபா" என்று ஸ்ரீநிதி சிரிப்பாள்.

பிரபாலினிக்கு இந்த நட்பு பெரிய விஷயமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. வீட்டில் தமிழ் பேசலாம், ஆனால் அவளுடைய வேலை அங்கே யாருக்கும் விளங்காது. அலுவலகத்தில் வேலை விளங்கும், ஆனால் ஜெர்மன்தான் பேச வேண்டும். தன் வேலையைத் தன் மொழியில் பேச அவளுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஆள் கிடைத்திருந்தது. "ஜென்கின்ஸ் இண்டைக்கு மூச்சு விட ஏலாமல் கிடக்கு" என்றால் உடனே புரிந்துகொண்டு சிரிக்கிற ஆள்.

ஜென்கின்ஸ் என்பது நிரலாளர்கள் எழுதுவதை வாங்கி, பரிசோதித்து, கன்டெய்னர் எனப்படும் பெட்டிகளாகக் கட்டித்தரும் சர்வர். பெட்டி என்றால் ஒரு மென்பொருளும் அது ஓடத் தேவையான எல்லாமும் அடங்கிய மூடிய கட்டு. அந்த அலுவலகத்தில் ஜென்கின்ஸும் அப்படி ஒரு பெட்டிக்குள்தான் ஓடியது. பெட்டிக்குள் இருக்கிற ஒன்று எப்படி வேறு பெட்டிகளைக் கட்டும்? பெட்டிகளையெல்லாம் ஆள்வது டொக்கர் என்ற நிரல். அது வெளியே, இயந்திரத்தில் இருக்கிறது. அதோடு பேச ஜென்கின்ஸுக்கு ஒரு வழி திறந்துவிட்டால் வேலை சுலபம். ஆனால் அந்த வழியாகச் சொல்லும் எந்தக் கட்டளையும் முழு இயந்திரத்துக்கும் செல்லும். அதே இயந்திரத்தில்தான் நிறுவனத்தின் முதல் வாடிக்கையாளர் ஒருவரின் பயண அட்டவணையும் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் பிரபாலினி அந்த வழியைத் திறக்கவில்லை. பெட்டி கட்டும் வேலையை மூலையில் கிடந்த ஒரு பழைய இயந்திரத்துக்கு அனுப்பினாள். பத்திரமான ஏற்பாடு. ஆனால் ஆமை வேகம்.

இலையுதிர்காலத்தில் ஒரு பெரிய வாடிக்கையாளர் வருவதாக இருந்தது. அவர்களுக்குக் காட்ட வேண்டிய மென்பொருள் தயாராகவில்லை. ஒரு சிறு திருத்தத்தைச் செய்துவிட்டு அது பெட்டியாகி வரும்வரை நிரலாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். ஒருநாள் மத்தியானம், அலுவலகச் சமையலறையில் நின்ற பிரபாலினியிடம் ஸ்ரீநிதி வந்தாள். மார்க்குஸ் என்ற நிரலாளன் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். இவர்கள் இருவரும் வழக்கம்போலத் தமிழில் பேசினார்கள்.

"பிரபா, அந்த வழியைத் திறந்து விடேன். டெமோ முடியற வரைக்கும்தான்."

"ஏலாது, ஸ்ரீநிதி. அதைத் திறந்தால் ஜென்கின்ஸுக்குள்ள இருந்து என்னவும் செய்யலாம். வீட்டுக்கு வந்த ஆளிட்டை எல்லாக் கதவின்ர திறப்பையும் குடுக்கிற மாதிரி."

"நம்ம டீம் மட்டும்தானே யூஸ் பண்றோம்? யாரு என்ன பண்ணிடப் போறாங்க?"

"தெரியாமல் ஒராள் ஒரு கட்டளை போட்டால் காணும். பெட்டிக்குள்ள நிண்டு அழிக்கிறன் எண்டு நினைப்பினம். வெளியில கிடக்கிறது எல்லாம் அழிஞ்சுபோம். வாகனக்காரரின்ர அட்டவணையும் சேர்த்து."

ஸ்ரீநிதி அவள் கையைப் பிடித்தாள். "இந்த டெமோ போச்சுன்னா என்னைத்தான் முதல்ல அனுப்புவாங்க. உனக்குத் தெரியும், என் ஹஸ்பண்டுக்கும் இப்ப வேலை இல்லை. எங்க விசாவே என் வேலையை வச்சுதான் இருக்கு. என்ன ஆனாலும் பொறுப்பு என்னுது. நான்தான் கேட்டேன்னு நானே சொல்றேன்."

பிரபாலினி யோசித்தாள். வேறு யார் கேட்டிருந்தாலும் முடியாது என்றிருப்பாள். "அதுக்குள்ள இருந்து ஒண்டையும் துப்புரவாக்கப் போகக்கூடாது. இடம் நிறைஞ்சுபோனால் என்னட்டைச் சொல்லும், நான் செய்வன்" என்றாள்.

"சத்தியமா."

அன்று பின்னேரமே திறந்துவிட்டாள். வேலை பறந்தது. நிரலாளர்கள் அவளைப் பார்த்துப் பெருவிரலைக் காட்டினார்கள். டெமோ நன்றாக முடிந்தது. பெரிய வாடிக்கையாளர் சம்மதித்துவிட்டார். "இப்ப மூடட்டோ?" என்று பிரபாலினி கேட்டபோதெல்லாம், "இன்னும் கொஞ்ச நாள், ப்ளீஸ்" என்றாள் ஸ்ரீநிதி.

தாய்க்கு முழங்கால் சத்திரசிகிச்சை என்று பிரபாலினி லீவில் நின்ற நாளில் ஜென்கின்ஸில் இடம் நிறைந்துபோனது. ஸ்ரீநிதி அவளைக் கூப்பிடவில்லை. கட்டும் வேலையின் கடைசியில், எல்லாப் பெட்டிகளையும் அவற்றின் தரவுகளையும் நீக்கச் சொல்லி இரண்டு வரிகள் சேர்த்தாள். தன் பெட்டிக்குள் கிடக்கிற குப்பை போகும் என்று நினைத்திருப்பாள். கட்டளை வெளியே போனது. ஜென்கின்ஸ் உட்பட அந்த இயந்திரத்தில் ஓடிய எல்லாம் நின்றன. பயண அட்டவணை அழிந்தது.

பிரபாலினி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அலுவலகத்துக்கு ஓடினாள். சாரதிகளின் திரைகள் வெறுமையாக இருந்தன. தொலைபேசி ஓயாமல் அடித்தது. அவள் எடுத்த ஒரு அழைப்பில் ஒரு வயதான பெண் பேசினாள். "என் கணவர் காலையிலிருந்து கோட்டைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருக்கிறார். இன்றைக்கு அவருக்கு டயாலிசிஸ். வண்டி வருமா, வராதா?"  பிரபாலினி விலாசத்தைக் கேட்டு வாகனக்காரரை அழைத்துத் தானே சொன்னாள். பிறகு, முந்தைய நாள் எடுத்துவைத்திருந்த பிரதியிலிருந்து அட்டவணையை மீட்டாள். அன்று யாருக்கும் உயிராபத்து வரவில்லை. அந்த முதியவருக்கும் பின்னேரம் டயாலிசிஸ் நடந்தது.

அடுத்த நாள் வீலாண்ட் எல்லாரையும் கூப்பிட்டார். "இந்த வழியைத் திறந்தது யார்?"

"நான்தான்" என்றாள் பிரபாலினி. "ஸ்ரீநிதி கேட்டதால் திறந்தேன். என்ன ஆபத்து என்று விளக்கினேன். பொறுப்பைத் தான் ஏற்பதாக அவள் சொன்னாள்."

எல்லாரும் ஸ்ரீநிதியைப் பார்த்தார்கள். அவள் மேசையைப் பார்த்தபடி நல்ல ஜெர்மனில் சொன்னாள்: "வேகம் வேண்டும் என்றுதான் நான் கேட்டேன். எப்படிச் செய்வது என்பது பிரபாலினியின் துறை. பெட்டி மூடியிருக்கிறது என்று நினைத்துத்தான் அந்த வரிகளைச் சேர்த்தேன். இப்படி ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை."

 தான் தவறாகக் கேட்டுவிட்டோமோ என்றுகூடப் பிரபாலினி நினைத்தாள்.

"உங்கள் பேச்சை யாராவது கேட்டார்களா?" என்றார் வீலாண்ட்.

மார்க்குஸ் தயங்கிக் கையைத் தூக்கினான். "நான் சமையலறையில் நின்றேன். நிறைய நேரம் பேசினார்கள். ஆனால் தமிழில் பேசினார்கள். எனக்கு எதுவும் விளங்கவில்லை."

ஸ்ரீநிதி அழத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

பிரபாலினிக்கு அப்மானுங் கிடைத்தது. எழுத்தில் கொடுக்கிற எச்சரிக்கை, மறுபடியும் நடந்தால் வேலை போகும். அதை வீட்டுச் சமையல் மேசையில் வைத்துவிட்டு அவள் நின்றபோது கீர்த்தனன் கோபப்பட்டான். "நீர் வடிவாய்ச் சொல்லியிருக்க வேணும்!"

"சொன்னனான். ரெண்டு பேரையும் பார்த்தவை. அவ அழுதவா. நான் அழேல்லை."

அந்தக் கிழமை முடிவதற்குள் ஸ்ரீநிதி வீட்டுக்கு வந்தாள். பிரபாலினி கதவைத் திறந்தாள், உள்ளே வரச் சொல்லவில்லை. படிக்கட்டிலேயே நின்று பேசினார்கள்.

"பிரபா, எனக்கு வேற வழி தெரியல. நீ சிட்டிசன். உனக்கு நாளைக்கே வேற வேலை கிடைக்கும். எனக்கு வேலை போனா நாங்க மூணு பேரும் மூட்டை கட்டணும்."

"அதை முதலே சொல்லியிருக்கலாமே. நானே பழியை ஏற்கிறன் எண்டு சொல்லியிருப்பன். உமக்காகச் செய்திருப்பன்." பிரபாலினி கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. "நீர் என்னட்டைக் கேக்கேல்லை. என்னை வித்துப்போட்டீர். தமிழ் தெரிஞ்சவை ஒருத்தரும் அங்கை இல்லையெண்டு உமக்குத் தெரியும்."

"அப்படி யோசிச்சுப் பண்ணலை, சத்தியமா..."

அந்தச் சொல்லைக் கேட்டதும் பிரபாலினி கதவைச் சாத்தினாள்.

மறுநாள் தொடங்கி அவள் ஸ்ரீநிதியோடு ஜெர்மன் மட்டும் பேசினாள். மரியாதையாக, வேலைக்குத் தேவையான அளவு. ஸ்ரீநிதி தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். சில கிழமைகளில் அவளும் தமிழில் கேட்பதை விட்டாள். பிரபாலினி அந்த வழியை மூடினாள். பெட்டி கட்டுவதற்கென்று தனியாக ஒரு நல்ல இயந்திரம் வாங்க, முன்பு மறுத்திருந்த வீலாண்ட் இப்போது உடனே சம்மதித்தார். அதை ஒழுங்காக ஓடவைத்த பிறகு, வேலையை விடுவதாகக் கடிதம் கொடுத்தாள். வீலாண்ட் நிற்கச் சொல்லிப் பார்த்தார். "எச்சரிக்கையை எடுத்துவிடலாம்" என்றார். அவள் தலையாட்டி மறுத்தாள்.

இப்போது கொலோன் நகரில் ஒரு மருத்துவமனையின் சர்வர்களைப் பார்க்கிறாள். நல்ல வேலை. ஆனால் வேலையைப் பற்றித் தமிழில் யாரோடும் பேசுவதில்லை.

போன கோடையில் ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவில், தேருக்குப் பின்னால் சனநெரிசலில் ஒரு சிறுமி ஓடிவந்து அவள் சேலையைப் பிடித்தாள். "பிரபா ஆன்ட்டி! ஏன் வீட்டுக்கே வர்றதில்லை?" ஸ்ரீநிதியின் மகள். நன்றாக வளர்ந்திருந்தாள். பிரபாலினி குனிந்து அவள் கன்னத்தைத் தடவி, கடையில் அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள். சற்றுத் தள்ளி ஸ்ரீநிதி கைகூப்பியபடி நின்றாள். அம்மனைக் கும்பிடுகிறாளா, தன்னைத்தானா என்று பிரபாலினிக்குத் தெரியவில்லை. சிறுமியைத் தாயின் பக்கம் மெல்லத் திருப்பிவிட்டு, கோயிலருகே ஓடும் கால்வாய்ப் பக்கமாகக் கீர்த்தனனைத் தேடிப் போனாள்.